ஏரி உடைந்த தலைநகரம்

இன்று காலை படி இறங்கும்போதே பெயின்ட் வாசனை, டீச்சர். கீழ்த்தளத்தில் உங்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் கூடத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளத் தண்ணீர் நின்ற கறை நெஞ்சு உயரத்தில் பழுப்புக் கோடாக ஓடியதே, அதன்மேல் உருளையை இரண்டு முறை ஓட்டினார். கோடு போய்விட்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நீங்கள் போனதும் உங்கள் கணவரை, நம் சாரை, மகன் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். பூட்டிக் கிடந்த வீட்டைப் போன மாதம்தான் விற்றான். மேடவாக்கத்தில் இப்போது பூட்டிய வீடு ரொம்ப நாள் விற்காமல் நிற்பதில்லை.

நம் அடுக்ககத்தில் எல்லோரும் கும்பகோணத்துக்கு வேனில் போனது நினைவிருக்கிறதா? வழியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் மற்றவர்கள் கோயில் நிழலில் புளிச்சோறு பிரித்தபோது, நீங்கள் என்னை மட்டும் அரண்மனை இருந்த மேட்டுக்கு அழைத்துப் போனீர்கள். தகரக் கூரைக்குக் கீழே பள்ளம். பள்ளத்தில் செங்கல் வரிசைகள். அவ்வளவுதான். பின்னாலேயே வந்த டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், அரண்மனைன்னு சொல்லி இட்டாந்தீங்க. வெறும் செங்கல்லு கீது" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை.

குரோம்பேட்டைப் பள்ளியில் அத்தனை வருடம் வரலாறு நடத்தியவர் நீங்கள். அன்று பாடம் நடத்தும் குரலில் பேசவில்லை. யாரோ உறவினர் செத்த கதையைச் சொல்வதுபோல் சொன்னீர்கள். வடக்கே வென்று வந்த அரசன், ஆறு பாயும் பழைய தலைநகரை விட்டு இந்த மேட்டு நிலத்துக்கு வந்தான். பெரிய ஏரி வெட்டி அதில் கங்கை நீரை ஊற்றினான். அந்த ஏரியை நம்பி ஊர் இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்தது. பிறகு தெற்கிலிருந்து படை வந்தது. ஏரிக்கரையை உடைத்ததும் அவர்கள்தான் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வார்களாம்.

"படை வந்துட்டுப் போயிடும், சுகுணா. ஊர் அழியறது அதுக்கு அப்புறம்தான். அரண்மனைச் செங்கல்லைப் பெயர்த்து ஒருத்தர் வீடு கட்டுவார். கோயில் சுத்துச்சுவர்க் கல்லை எடுத்துட்டுப் போய் வெள்ளைக்காரன் கொள்ளிடத்துல அணை கட்டினான். வீடும் வேணும், அணையும் வேணும். யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா ஊர் இல்ல."

பயணம் முடிந்து திரும்பினோம். அடுக்ககத்துக்குள் வேன் நுழைந்தபோது பின்னால் இருக்கும் ஏரியைப் பார்த்து, "நம்ம கார் பார்க்கிங் எது மேல இருக்கு, தெரியுமா?" என்றீர்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகும் கால்வாய் அங்கேதான் இருந்ததாம். அப்போது எனக்கு அது ஒரு செய்தியாக மட்டும் பட்டது.

அந்த வருட ஐப்பசியிலேயே முதல் தடவை தண்ணீர் வந்தது. முழங்கால் அளவுதான். பக்கவாதத்தில் கிடந்த சாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் மூன்றாவது மாடியில் என் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வெள்ளம் வடிந்ததும் நீங்கள் கீழே போய்ச் சேற்றைக் கழுவித் தள்ளினீர்கள். "மாடிக்கு மாறிடுங்களேன்" என்றேன். "இந்த லிஃப்ட் பாதி நாள் ஓடறதில்ல. இவரை வெச்சுக்கிட்டு எப்படி?" என்றீர்கள்.

அடுத்து நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, பார்க்கிங்கை உடைத்துக் கால்வாயைத் திறக்க வேண்டும் என்றீர்கள். "என் ஸ்கூட்டியும் அங்கதான் நிக்குது. முதல்ல அதை எடுத்துடறேன்" என்றும் சொன்னீர்கள். செயலாளர் பொறுமையாகத்தான் பேசினார். "டீச்சர், இது ஹிஸ்டரி கிளாஸ் இல்லையே. காரை எல்லாம் எங்க விடறது?" சிலர் சிரித்தார்கள். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். கூட்டம் முடிந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர் அழியற நாள் இன்னிக்குத்தான், சுகுணா. புத்தகத்துல இதையெல்லாம் எழுத மாட்டாங்க" என்றீர்கள்.

இரண்டாவது முறை ஏரி உள்ளேயே வந்துவிட்டது. சாரை மேலே ஏற்றிய பிறகு, அவருடைய மாத்திரைகளுக்காக நீங்கள் அந்தக் கறுப்புத் தண்ணீரில் மறுபடி இறங்கினீர்கள். நான் மாடிப்படியில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மாத்திரை டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தீர்கள். அடுத்த வாரம் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் சொன்னபோது உங்கள் கண்கள் மஞ்சளாகியிருந்தன. நீங்கள் திரும்பவில்லை.

வீட்டை வாங்கியிருப்பவர்கள் சின்ன வயதுக்காரர்கள். ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. பார்க்க வந்த அன்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான்: "இங்க தண்ணி வருமா ஆன்ட்டி?" யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று செயலாளர் சொல்லியிருந்தார். நான் சுவரில் இருந்த கோட்டைக் காட்டினேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். அவன் கோட்டின்மேல் கையை வைத்துத் தன் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

"இப்ப கால்வாய் போட்டுட்டாங்களாமே. செக்ரட்டரி சார் சொன்னாரே?"

"பார்க்கிங் அங்கயேதாம்பா இருக்கு. ரோட்டோரம் ஒரு சின்ன குழாய் போட்டிருக்காங்க."

"மாடி வீடு எங்களுக்குக் கட்டுப்படியாகாது ஆன்ட்டி" என்றான். குரலில் கோபமில்லை. அடுத்த வாரமே முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் போனதிலிருந்து எனக்கு எந்த இடத்தையும் சும்மா பார்க்க வருவதில்லை, டீச்சர். கோவிலம்பாக்கம் போகும் பஸ்ஸில், ஏரியோரம் இடிபாட்டைக் கொட்டும் லாரி கண்ணில் படும். பக்கத்து இருக்கைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மட்டும் ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பயம்தான். இதை விட மனமில்லை.

இன்று மதியம் அந்தப் பையனின் மனைவி பெயின்ட் வேலையைப் பார்க்க வந்திருந்தாள். ஏரிப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கீழே போய் என் வீட்டுச் சாவி ஒன்றை அவளிடம் நீட்டினேன்.

"நான் ஊர்ல இல்லாட்டியும் மேல வந்துடுங்கம்மா. யாரையும் கேட்க வேணாம்."

எதற்கு என்று அவள் கேட்பாள் என நினைத்தேன். இருட்டிய ஏரிப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் சாவிக்கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தை நெம்பி, அதில் கோத்துக்கொண்டாள்.