லேபிள் அச்சாகும்போது தோற்ற போர்டு

என் அண்ணன் கைபிடித்து வந்து எனக்குத் தோழியாகிப்போன அண்ணிக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காதடி" என்பீர்கள். நீங்கள் வடிவமைத்த சர்க்யூட் போர்டு பாஸாகிவிட்டது.

மின்சாரம் கசிந்தால், ஆளைக் கொல்லுமுன் இணைப்பைத் துண்டிக்கிற போர்டு. எங்கள் சோதனை இயந்திரம் அதைத் "தாமதம்" என்று தள்ளியபோது நீங்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். "கணக்க எங்கியோ வுட்டுட்டேன் போல, உஷா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். அந்த நினைப்போடுதான் கண்ணை மூடினீர்களா? அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நீங்கள் போன பிறகு, இதைக் கைவிட்டு வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் நம் கம்பெனி மேலாளர். கொஞ்சம் அவகாசம் கேட்டேன். ஒரே போர்டு காலையில் பாஸ், மதியம் ஃபெயில். போர்டு என்ன உங்கள் மாமியாரா, நேரத்துக்கு ஒரு முகம் காட்ட? என் அம்மாதானே, நான் சொல்லலாம்.

அப்புறம்தான் கவனித்தேன். என்னோடு சோதனை பார்க்கும் பாஸ்கர், புதுப்பட்டினத்துக்காரர், ஒரு போர்டுக்கு லேபிள் அச்சாகும்போதே அடுத்ததை மாட்டி ஓடவிடுவார். லேபிளுக்கும் சோதனைக்கும் ஒரே கம்ப்யூட்டர். லேபிள் அச்சாகும்போதெல்லாம் போர்டு தோற்றது.

கம்ப்யூட்டர் முதலில் அளவுக் கருவியிடம் "எண்ணத் தொடங்கு" என்கிறது. அடுத்துதான் கசிவை உண்டாக்கும் கருவியிடம் "விடு" என்கிறது. நடுவில் லேபிள் வேலை புகுந்தால் இரண்டாவது கட்டளை பிந்திவிடும். கசிவே வரவில்லை, அதற்குள் உங்கள் கணக்கில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா மேடம் இது, படகு கரையிலயே கீது, மீனு ஏன் இன்னும் வரலன்னு திட்டிக்கினு இருந்திருக்கோம்."

கம்ப்யூட்டரை நடுவிலிருந்து எடுத்தோம். கசிவுக் கருவியிலிருந்து அளவுக் கருவிக்கு நேராக ஒரு ட்ரிகர் ஒயர். கசிவு தொடங்கும் அதே கணத்தில் ஒயரில் ஒரு துடிப்பு போகும், அது வந்தால்தான் எண்ணிக்கை தொடங்கும். வேண்டுமென்றே லேபிளையும் அச்சாக விட்டோம்.

திரையில் கசிவின் கோடு எழுந்தது, உடனே விழுந்தது. கண் இமைப்பதே அதற்குப் பெரிய நேரம், அண்ணி. அந்தத் துளி நேரத்துக்குள் உங்கள் போர்டு கசிவை உணர்ந்து, தீர்மானித்து, அறுத்தும் முடித்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பத் திரும்ப ஓட்டினோம், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழுந்தது. எப்படி அண்ணி யோசித்தீர்கள் இதை? கணக்கில் நீங்கள் எதையும் விடவில்லை.

மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். முதல் போர்டுகள் புதுப்பட்டினம் ஐஸ் கம்பெனிக்குப் போகின்றன. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் யாருக்கோ ஒருநாள் சுரீரென்று இழுக்கும், அதற்குள் நின்றுவிடும். கையை உதறிவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார். தான் பிழைத்தது அவருக்கே தெரியாது, நீங்கள் யாரென்றும் தெரியாது.

எனக்குத் தெரியும். இந்த மேசையில் நான் இருக்கும்வரை, உங்கள் போர்டு இன்னொருவரின் தாமதத்தைச் சுமக்காது. இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
உஷா