குழாயின் எந்த முனை மேல்

அண்ணே,

இன்று காலை ஆய்வுக்கூடத்துக் குளிரறையை ஒழுங்குபடுத்தும்போது நீங்கள் மண் எடுத்த பைப் கண்ணில் பட்டது. இரண்டு மூடிகளிலும் நீங்கள் மார்க்கரால் எழுதியது அப்படியே இருக்கிறது. ஒன்றில் ‘மேல்’, மற்றதில் ‘கீழ்’. எழுத்துக்கூட்டிப் படித்தேன். மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபிறகு அவளோடு உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். படித்ததும் ஆத்திரத்தில் மூடியைச் சுவரில் வீசினேன்.

சுங்கை லாலாங் தோட்டத்துச் செம்பனைகளுக்குப் பின்னால், ஆறு விட்டுப்போன குட்டையில், இடுப்பளவு சேற்றில் நின்று அந்தப் பைப்பை அடித்து இறக்கினீர்கள். “மெதுவா லா, மண்ணு கலைஞ்சா எல்லாம் போச்சு” என்று என்னை அதட்டினீர்கள். வெள்ளம் கொண்டுவந்த மணலும் மழை பொய்த்த காலத்துக் கருஞ்சேறும் அடுக்குக் குலையாமல் வந்தன. அவற்றில் மட்கிக் கிடக்கும் இலைகளின் வயதைக் கணித்தால், இந்தப் பக்கம் எப்போது மழை கொட்டியது, எப்போது வறண்டது என்று தெரிந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் பைப்பை நீளவாக்கில் அறுத்தவள் நான். மலாய்ப் பள்ளியில் படித்த எனக்கு அப்போது தமிழ் பேச வரும், ஓர் எழுத்தும் தெரியாது. கேட்க வெட்கம். மணல் இருந்த முனைதான் அடி என்று குத்துமதிப்பாகக் குறித்துவிட்டேன்.

வயதுகள் தலைகீழாக வந்தன. அடியில் இளையது, மேலே பழையது. பைப்பைத் திருப்பிப் பார்க்கலாம் என்று எங்கள் ஆய்வுக்குழுத் தலைவருக்குத் தோன்றவில்லை. தோட்டத்து ஆள் மண்ணைக் கலக்கிவிட்டான் என்று ஒரே வரி எழுதி, மண்ணையும் உங்களையும் சேர்த்தே ஒதுக்கினார். அவருக்கு எவ்வளவு சுலபம்.

நீங்கள் என்னிடம் மட்டும்தான் கேட்டீர்கள். “தங்கச்சி, மூடியில எழுதியிருந்தேனே, பாத்துத்தானே அறுத்தே?”

“பாத்தேண்ணே” என்றேன்.

“அப்ப நான்தான் எங்கயோ கலைச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளைக் கிளப்பிப் போய்விட்டீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? இவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்கக் கூடாதா?

இப்போது திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நீண்ட வறட்சி, அதன்மேல் வெள்ளம், எல்லாம் வரிசையாக இருக்கிறது. தலைவரிடம் போய்ச் சொன்னேன். பழைய கதை, விடு என்றார். விடவில்லை. தவறு என்னுடையது, மண்ணை எடுத்தவர் சரியாகவே எடுத்தார் என்று உங்கள் பெயரோடு திருத்தம் எழுதி, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. சாயங்காலம் உங்கள் மனைவியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “கடைசி வரைக்கும் கையப் பாத்துக்கிட்டே, எங்க தப்பு பண்ணினேன்னு கேப்பாரும்மா” என்றார்.

அதைத்தான் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன். சாகும்வரை உங்கள் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். என் “பாத்தேண்ணே”வை நம்பியிருக்கிறீர்கள்.