ஐவிக்கு ஒரு ஐவி

ஞாயிறு, ஏப்ரல் 12

இன்று என் மனைவி ஐவிக்கு அறுபது வயது. அந்தப் பெயரை வைத்த என் மாமனாரே ஐவிக் கொடியைப் பார்த்ததில்லை. ஏதோ ஆங்கிலப் புத்தகத்தில் படித்ததோடு சரி. வானவடி நர்சரியில் தேடிப்பிடித்து ஒரு தொட்டி வாங்கி வந்தேன். குளிர்நாட்டுச் செடி, புனே வெயிலைத் தாங்காது என்றார் கடைக்காரர்.

"நான் நாப்பது வருஷமா தாங்கலையா?" என்றாள் ஐவி.

அகராதியும் பார்த்து வைத்திருந்தேன். சொல்லின் மூலம் உறுதியாகத் தெரியவில்லை. 'ஏறுவது' என்று இருக்கலாமாம். நாம் வதக்கும் கோவைக்காய்க்கும் ஆங்கிலத்தில் அவள் பெயர் உண்டு, தொட்டால் அரிக்கும் ஒரு செடிக்கும் உண்டு என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி எங்களுடையது. மூட்டுவலி வந்த பிறகும் படியில் அவள் என் கையைப் பிடித்ததில்லை. லிஃப்ட் இருக்கிறது, மகர்பட்டாவில் தன் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்கிறான் மகன். அது வேறு கவலை.

மாலையில் சர்ச்சிலிருந்து திரும்பியபோது இரண்டாம் மாடியில் நின்றாள். நான் கை நீட்டவில்லை. நீட்டினால் கோபம் வரும். அவளே என் முழங்கையைப் பற்றினாள்.

"என்ன பாக்கறீங்க? அந்தக் கொடியும் எதையாவது புடிச்சுக்கிட்டுத்தானே ஏறும்?"

பாவி நான், அவள் வலியை மறந்து, எங்கள் வீடு இன்னும் ஒரு மாடி மேலே இருக்கக் கூடாதா என்று நினைத்துவிட்டேன்.