எனக்கு ஒன்று, அருளுக்கு மூன்று

என் ஆசை மருமகன் தேவாவுக்கு,

லா சப்பல் தமிழ்ச் சபையின் மகா போதகரும், பிரெஞ்சுக்காரர் ஞாயிறு பின்னேரங்களில் இரவல் தரும் மண்டபத்தின் சக்கரவர்த்தியும், உன் தாயின் ஒரே தமையனுமாகிய நான் எழுதுவது. நீ போய் ஆறு மாதமாகிறது. அங்கேயும் யாருக்காவது பிழை சொல்லிக்கொண்டிருக்கிறாயா?

வேதக் கல்லூரியில் படித்தும் நீ ஒரு சபையையும் எடுத்து நடத்தவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு தமிழ்ச் சபையின் கடைசி வரிசை வாங்கில் வந்து இருப்பாய். உன் லீவு நாளான திங்கட்கிழமை போதகர்களைத் தேடிப் போய், தேத்தண்ணி குடித்தபடி அவர்களுடைய பிழையைச் சொல்லுவாய். நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை எனக்குப் பிழை சொல்லுவதா என்று முதலில் மூக்கால் புகை வந்தது. பிறகு பார்த்தால், திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

"மாமா, இண்டைக்கு ஒண்டே ஒண்டுதான்" என்பாய். அதைச் சொன்னதும் எழும்பி, பக்கத்து ஊரான ஸ்தேனுக்கு பஸ் ஏறிவிடுவாய்.

அங்கே சபை நடத்தும் பாஸ்டர் அருளுக்கு மூன்று பிழை! அவனே பெருமையாகச் சொல்லித் திரிந்தான். எனக்கு என்ன குறை? என் பிழைகளை அடுக்கினால் ஈபிள் கோபுரம் அண்ணாந்து பார்க்கும். நான் பிரசங்கம் தொடங்கும்போது தாயின் மடியில் கிடந்த குழந்தை, முடிக்கும்போது மீசையோடு எழும்பிப் போனதை நீயே கண்டிருக்கிறாய். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒன்று, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்திறங்கிய ஸ்தேன்காரனுக்கு மூன்றா?

உன் அடக்கத்தன்று அவன் அழுத சத்தம் சென் நதியைத் தாண்டியிருக்கும். தாய்மாமன் நான் நிற்க, அவனுக்கு ஏன் அவ்வளவு சத்தம்? நானும் குரலைக் கூட்டினேன். பாதி அழுகை உனக்கு, பாதி அவனோடு போட்டிக்கு. மன்னித்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் சபை ராணியக்காவின் மகனை ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கொழும்பு வழியாக, ஒரு மாதம் பிந்தி, கடிதம் வந்தது. நான் உடனே போனேன். வசனம் வசனமாக ஒன்றரை மணித்தியாலம் ஆறுதல் சொன்னேன். அவர் அழுகையை நிறுத்தினார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அதன்பிறகு நாலு ஞாயிறு அவர் சபைக்கு வரவில்லை. கதவைத் தட்டினால், "சுகமில்லை பாஸ்டர்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.

நான் எங்கே பிழை விட்டேன்? சபையில் கேட்டால், "நல்லாத்தானே சொன்னீங்கள், பாஸ்டர்" என்கிறார்கள். உண்மையைச் சொல்ல ஒருவருமில்லை, தேவா.

போன திங்கள், மானத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்தேனுக்குப் போனேன்.

"வாங்கோ அண்ணை, என்ன புதினம்?" என்றான் அருள்.

"தேவா உமக்கு ஏன் மூண்டு சொன்னவன்? எனக்கு ஏன் ஒண்டு?" ராணியக்காவின் கதையைக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான்.

"கோவிக்கக் கூடாது, அண்ணை."

"நான் எப்ப கோவிச்சனான்?"

"நானும் அவரிட்டைக் கேட்டனான். 'மாமாக்கு ஒண்டு சொன்னாலே அடுத்த திங்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைச்சிருப்பார். மூண்டு சொல்லி முடிக்க எனக்கு ஆயுசு காணாது' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

நான் சிரிக்கவில்லை. அவனும் பிறகு சிரிக்கவில்லை. அதன்பிறகுதான் ராணியக்காவின் கதையைச் சொன்னேன்.

"நீங்கள் ஒண்டரை மணித்தியாலம் கதைச்சனீங்கள். அவ என்ன சொன்னவ?"

"நான் கதைக்கேக்கை அவ என்னத்தைச் சொல்லுறது?"

"மகன்ரை பேர் என்ன, அண்ணை?"

எனக்குத் தெரியவில்லை, தேவா. அந்தப் பிள்ளைக்காகச் சுவர் அதிர ஜெபித்தேன், பெயரைக் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாய். அதை அவன் கேட்டுவிட்டான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் போய், கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, தம்பிக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. பிறகு கதவு திறந்தது.

"வசந்தன்," என்றார். "ஒருநாளும் அம்மா எண்டு கூப்பிட மாட்டான், பாஸ்டர். ராணி எண்டுதான் கூப்பிடுவான்."

அவர் சொல்லச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணித்தியாலம். எனக்கு அது வேதத்தில் வரும் நாற்பது வருட வனாந்தரம்.

செவ்வாய்தோறும் போவேன், அவர் சொல்லுவதைக் கேட்பேன். திங்கள்தோறும் என் பிழையைச் சொல்ல அருள் வருவான், நானே கேட்டுக்கொண்டேன். மூன்றும் சொல்லட்டும். முகத்தைத் தூக்க மாட்டேன். தூக்கினாலும் அவன் பஸ் ஏறும்வரை பொறுத்திருந்து தூக்குவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன்னை ஒருவனோடும் பங்குபோடத் தெரியாத,
உன் தாய்மாமன்