ஒரு வரி கீழே

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பிரார்த்தனை. வீட்டுக்காரரைத் துடைத்துவிட்டு, பக்கம் மாற்றிப் படுக்கவைத்தேன். பிறகு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கும் வாக்காளர் பட்டியலைப் பார்க்கப் போனேன்.

412-ல் மாமியார், போட்டோவிலும் முறைத்துக்கொண்டு. அவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. 413-ல் நான். என் படத்தின்மேல் குறுக்கே ஒரு முத்திரை: நீக்கம் – இறப்பு.

விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். நான்தான்.

மார்ச் 4

தேர்தல் அலுவலகம். அங்கிருந்த அம்மா ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினாள். மாமியார் இறந்ததைச் சொல்லி நான் கொடுத்தது. அடித்தல் திருத்தல் இல்லாத என் கையெழுத்து. பெயர் சரி. வரிசை எண் மட்டும் 413.

நினைவு வந்துவிட்டது. கணக்கு நோட்டில் செய்வதுபோல, பட்டியல் நகலில் மாமியார் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார். எழுந்து போய் வருவதற்குள் கோல் ஒரு வரி இறங்கியிருக்கிறது.

"பேர் எழுதியிருக்கேனே, பாக்கலையா?"

"கம்ப்யூட்டர் நம்பரைத்தான்மா பாக்கும். விசாரிக்க ஆள் வந்தப்பவும், இறந்தது உண்மைதான்னு நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க."

போட்டேன். மாமியாரைக் கேட்கிறார்கள் என்றுதானே போட்டேன். தெருவில் யாருக்குக் கணக்கு உதைத்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் என்னையே கழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு வாய் கோணிப்போயும் குசும்பு போகவில்லை. "அப்போ இத்தன நாளா பேயோடயா குடும்பம் நடத்துறேன்?" என்றார். சிரித்தேன். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மார்ச் 6

ஒரு ஓட்டுக்கா இவ்வளவு அலைச்சல் என்று போனில் அக்கா கேட்டாள். ஒரு ஓட்டுதான்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்த அன்று ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் நின்றது. 10.05 முதல் 10.46 வரை. இரண்டு சரக்கு வண்டிகள். அரை மணி முன்னால் வந்திருந்தால் நடமாடியிருப்பார் என்றார் டாக்டர். அங்கே பாலம் கட்டித் தருவதாக எங்கள் எம்.பி. இரண்டு தேர்தலில் சொல்லியாயிற்று. ரயில் மத்திய அரசின் பொறுப்பு, நாடாளுமன்றத்தில்தான் கேட்க வேண்டும் என்று நூலகத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டு மூன்று மனு போட்டேன். பதில் இல்லை. அந்த மனிதர் எனக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நாள் ஐந்து வருஷத்தில் ஒன்றே ஒன்று. அதையும் நானே...

வீட்டுக்காரர் இளவட்டக் காலத்திலிருந்து அந்த எம்.பி.யின் கட்சி. "பாலம் வரும்டி, பொறு" என்கிறார், அசையாத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.

மார்ச் 10

பெயர் சேர்க்கக் கடைசி நாள். அடையாள அட்டை, வீட்டு வரி ரசீது, உயிரோடு நான் – எல்லாவற்றையும் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. இறந்தவர் எண் திரும்ப வர மேலதிகாரி உத்தரவு வேண்டுமாம். அவர் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறாராம். ஐந்து மணிக்கு ஜன்னலை மூடினார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் மூடினாள்.

ஆண்டவனே, யாரைத் திட்டுறது? என் கை, என் பேனா, என் கோல். யார்கிட்ட போய்ச் சொல்லி அழ?

மார்ச் 27

இறுதிப் பட்டியல் வந்தது. நான் இல்லை.

ஏப்ரல் 15

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

ஓட்டு நாள். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். தெருமுனையில் எதிர்வீட்டுத் தையல்காரர். பாலத்துக்காகப் போராடும் வேட்பாளரின் ஆள். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, உங்க மாமியார் பேரு இன்னும் பட்டியல்ல இருக்கு. பழைய போட்டோ, யாரு உத்துப் பாக்கப் போறா? அது உங்க ஓட்டுதானே, ஒரு வரி மேல இருக்கு, அவ்வளவுதான்."

உடனே மறுத்தேன் என்று எழுதினால் பொய். நின்றேன். மாமியாரின் அடையாள அட்டை வீட்டில் எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட யோசித்தேன்.

"வேணாம் தம்பி. ஏற்கெனவே ஒருத்தியைத் தப்பா சாகடிச்சிட்டேன். இன்னொருத்தியைத் தப்பா எழுப்ப மாட்டேன்."

உள்ளே போனதும் 412 உயிரோடு இல்லை என்று முதலில் சொன்னேன். அதிகாரி குறித்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் முறை வந்தது. வாக்கு இயந்திரம் உயரத்தில் இருந்தது; இடது கையை எவ்வளவு நீட்டியும் எட்டவில்லை. துணைக்கு ஒருவர் அழுத்தலாம், துணையாள் பெயர் பட்டியலில் இருக்கத் தேவையில்லை, ஆனால் யாருக்கு என்று எவரிடமும் சொல்லக் கூடாது என்றார் அதிகாரி. கையெழுத்துப் போட்டேன், ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்து. துணையாளுக்கு வலது கையிலாம், என் விரலில் மை வைத்தார்கள்.

மறைப்புக்குள் நாங்கள் இருவர் மட்டும். நாற்காலியில் இருந்த அவருக்குப் பொத்தான்கள் தெரியாது. நான் எதை அழுத்தினாலும் தெரியாது. குனிந்து அவர் வாயருகே காதை வைத்தேன்.

"சொல்லுங்க."

மடியிலிருந்த வலது கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார். சொன்னதை அழுத்தினேன்.

எது என்று இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

ஏப்ரல் 20

இரண்டு படிவம் வாங்கி வந்தேன். ஒன்று மாமியாரை நீக்க, ஒன்று என்னைத் திரும்பச் சேர்க்க. பட்டியல் நகலின்மேல் வீட்டுக்காரர் இடது கையால் அடிக்கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எண்ணை அவர் வாசித்தார், நான் எழுதினேன். நாலு ஒண்ணு ரெண்டு. நாலு ஒண்ணு மூணு. இரண்டு தடவை வாசிக்கவைத்தேன்.

முடிந்து எழுந்தபோது, "அந்தப் பால மனுவை இன்னொரு தடவை எழுது" என்றார்.

எழுதிக் காட்டினேன். கைநாட்டு வைக்க இடது கையை நீட்டினார். கட்டைவிரலில் நான்தான் மை தடவினேன்.