பெட்டிகள் இருக்கும் இடம்

பிப்ரவரி 6

குரோம்பேட்டையில் வழக்கமான நெரிசல். அலுவலகத்துக்குத் தாமதம்.

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அம்மா, "கப்பல்ல போற பெட்டியெல்லாம் எங்க இருக்குன்னு எப்சி பாத்துச் சொல்லுவா" என்பாள். சரியாகத்தான் சொல்கிறாள். ஏற்றுமதிக்காரர்களின் கண்டெய்னர் எந்தக் கடலில் போகிறது, முத்திரை உடையாமல் இருக்கிறதா, உள்ளே சூடு எவ்வளவு என்று நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறேன். இந்த மாதம் எனக்குக் கூடுதல் சந்தோஷம். தம்பி ஆபேல் மூன்றாம் இன்ஜினியராக இருக்கும் கப்பலில் எங்கள் மருந்துப் பெட்டி ஒன்றும் போகிறது. மருந்தைப் பார்க்கிற சாக்கில் அவனையும் பார்த்துக்கொள்கிறேன்.

அவன் மனைவி ஜோவிதாவுக்குப் போன் செய்தேன். "உன் வீட்டுக்காரர் கொழும்பு தாண்டிட்டார்." "எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிடுது அண்ணி" என்று சிரித்தாள்.

பிப்ரவரி 9

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் மருந்துப் பெட்டியின் சென்சார் கத்தியது. எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது, பத்தொன்பது காட்டியது. குளிர்சாதனம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்பது. பிறகு எழுபது. குளிர்சாதனம் கெட்டால் எழுபது எப்படி வரும்?

"சார், பக்கத்துல தீ சார்! கப்பலுக்குச் சொல்லுங்க!"

"செக் பண்றோம் மேடம்."

அதற்குள் திரையில் சூட்டைக் காட்டும் கோடு நின்றுவிட்டது. நடுக்கடலில் போன் எடுக்காது என்று தெரிந்தும் ஆபேல் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 10

தீதான். எல்லோரும் உயிர்காப்புப் படகில் இறங்கிவிட்டார்கள், இரண்டு பேரைத் தவிர. அதில் ஒருவன் ஆபேல். தண்ணீர்க் குழாயோடு முதலில் உள்ளே போனானாம்.

பிப்ரவரி 12

மேனேஜர் சுகுமார் சார் லீவு எடுக்கச் சொன்னார். வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆபீஸுக்கே வந்தேன்.

ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். "அந்தக் கப்பல்ல என்னோட பொம்மை லோடு இருக்கும்மா. என்ன ஆச்சு?"

"தீப்பிடிச்ச பக்கம் இல்ல சார். பின்பக்கம், கீழ் அடுக்கு."

"அப்பாடா" என்றார்.

பொம்மை எந்த அடுக்கில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடிகிறது. என் தம்பி எங்கே இருக்கிறான்?

பிப்ரவரி 20

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கூடுவாஞ்சேரி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜோவிதா சேலையூருக்கு, எங்களோடு இருக்க, வந்துவிட்டாள்.

மார்ச் 2

பாஸ்டர் தேவானந்தம் வந்தார். நினைவு ஆராதனையைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தார். ஜோவிதா எழுந்துவிட்டாள்.

"பாடியே வரல பாஸ்டர். எதை வெச்சு ஜெபம் பண்ணுவீங்க?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்றாள். கணக்கு டீச்சராக இருந்த அம்மா. கரைக்கும் கப்பலுக்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாதா?

பாஸ்டர் காப்பியைக் குடிக்காமலே போனார்.

ஏப்ரல் 17

காரணம் தெரிந்துவிட்டது. தேங்காய் நார் என்று பதிவு செய்த ஒரு பெட்டிக்குள் இருந்தது கொட்டாங்குச்சிக் கரி. கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். உண்மையைச் சொல்லியிருந்தால் தனி இடம், தனிப் பாதுகாப்பு, கூடுதல் கட்டணம். எவனோ மிச்சம் பிடித்திருக்கிறான்.

அந்தப் பெட்டியின் முத்திரை உடையவே இல்லை. எந்தத் துறைமுகத்தில் பார்த்தாலும் எல்லாம் சரி, எல்லாம் சரி. உள்ள என்ன இருக்குன்னு யாருடா பாத்தீங்க?

கரி. வெறும் கரி. இதுக்கா போன, ஆபேல்?

ஏப்ரல் 28

சரக்கைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். "தாங்குவியாம்மா?" என்றார் சுகுமார் சார். தெரியவில்லை என்றேன். மாற்றித் தந்தார்.

ஜூன் 11

ஏற்றுமதிக்காரர் கங்காதரனின் கண்டெய்னர். தேங்காய் நார் என்று போட்டிருந்தது. எடை எனக்குச் சரியாகப் படவில்லை. திறந்து பார்க்காமல் ஏற்றக் கூடாது என்றேன். அவரே யார்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? இத்தினி வருசமா அனுப்பிகினு கீறேன், என்னையே திருடன்றியா? கப்பல் பூட்ச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"விட்ரும்மா எப்சி, பழைய கஸ்டமர்" என்றார் சுகுமார் சார்.

"திறக்கட்டும் சார்." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

திறந்தார்கள். நார். கட்டுக்கட்டாக நார். கண்ணுக்கு எட்டியவரை நார்தான். எடை கூடியது மழை ஈரத்தால். முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினேன். கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை. அப்படியே நின்று அழுதேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

சுகுமார் சார் கங்காதரனை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த கங்காதரன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார்.

"கூடப் பொறந்தவனா?"

தலையாட்டினேன்.

"அல்லாத்தையும் எறக்கிப் பாரும்மா. கப்பல் போனா போவட்டும்."

ஜூலை 3

நார், பஞ்சு, கரி எதுவானாலும் சரக்கு ஏற்றும்போதே படம் எடுத்து அனுப்ப வேண்டும், சந்தேகம் வந்தால் பெட்டி திறக்கப்படும் என்று ஆபீஸில் விதி போட்டுவிட்டார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். கங்காதரன் போகவில்லை.

நிம்மதியாக இருக்கிறதா? இல்லை.

ஆகஸ்ட் 24

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அங்காளம்மா, கால் ஒடிந்து படுத்திருந்ததால் இந்த வருடம் இன்றுதான் முதல் முறையாக வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"டீச்சரம்மா, வஞ்சிரம் கீது. தம்பி எப்ப வர்றாரு?"

தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் "வருவான்" என்றுதான் அம்மா இதுவரை சொல்லி வந்திருக்கிறாள். நானும் ஜோவிதாவும் உள்ளேயே நின்றுவிட்டோம்.

"அவன் வரமாட்டான் அங்காளம்மா. கடல்ல போயிட்டான்."

அங்காளம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "உடம்பு கெடச்சுதா?"

அம்மா இல்லை என்று தலையசைத்தாள்.

"எங்க வூட்டுக்காரர் உடம்பும் கெடைக்கல" என்று சொல்லி, அம்மா பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

ஜோவிதா வெளியே போனாள். "எத்தனை நாள் காத்துட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இப்பவும்தாம்மா. காலைல எழுந்து மீன் எடுக்கப் போயிட்றேன், அவ்ளோதான்."

ஜோவிதா அம்மாவின் மறுபக்கம் உட்கார்ந்தாள். வெயில் ஏறும்வரை மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. அங்காளம்மா இன்று அடுத்த தெருவுக்குப் போகவே இல்லை.