வர்தாவின் பிடரிச் சொட்டை

ஹூரியா,

நீ ஹம்மாமுக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில், செத்துப்போன நம் பெண் மக்னீன் குருவி வர்தாவை நான் உயிரோடு எழுப்பிவிட்டேன். அல்ஜியர்ஸ் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் சங்கு ஊதி எனக்கு மரியாதை செய்தன.

வர்தா போனதிலிருந்து அவள் ஜோடி சுல்தான் பாடவில்லை, தினையைத் தொடவில்லை. நீயும் பேசவில்லை. அவள் புகைப்படத்தை டேப்லெட்டில் ஓவியமாக்கி நேற்று கூண்டருகே வைத்தால், அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நீ வாயைத் திறந்தாய்: "இது யாரோ கல்யாணப் பொண்ணு, நம்ம வர்தா இல்ல. போதும். நாளைக்குத் தம்பி வந்து சுல்தானைத் தூக்கிட்டுப் போகட்டும்."

சரிதான். அழகாக இருக்கட்டுமே என்று அவள் பிடரிச் சொட்டையில் இறகு வரைந்திருந்தேன். இன்று அதை அழித்தேன். சொட்டை தெரிந்ததும் சுல்தான் கம்பியோரம் வந்து பாடினான். ஊரே கூடிவிட்டது!

படத்தை அச்செடுக்கப் போகிறேன். லூபியா பீன்ஸ் குழம்பு அடுப்பில் இருக்கிறது. உன் தம்பி அர்ஸ்கி வந்தால் காபி கொடு, கூண்டைக் கொடுக்காதே.

முலூத்

டேப்லெட்டை அணைக்காதே.

என் சாவியை எங்கோ தொலைத்துவிட்டேன். கோபமிருந்தாலும் கதவைத் திற.

---

முலூத்,

நீங்க எழுதினதை நம்பாம கூண்டைத் தம்பி கையில கொடுத்துட்டேன். வாசல் வரைக்கும் போனவனை நிறுத்தி, எதுக்கும் இருக்கட்டும்னு சுல்தானுக்குப் படத்தைக் காட்டினேன். தம்பி வெறுங்கையோட போயிட்டான். இன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வருது. தாழ் போடலை, தட்டாம வாங்க.

கப்பல் எதுவும் ஊதலை. ஆனா சுல்தான் பாடினான்.

ஹூரியா